தூத்துக்குடி – அகத்தி பயண நேரத்தைத் தவறாகக் காட்டியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தூத்தூர் வாடிக்கையாளர்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்.

பொருள்: தவறான பயண நேரத்தை நம்பி எடுத்த டிக்கெட், ரத்துக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மையீர்,

போன மாதம் ஆழ்கடல் தொழிலுக்குப் போன என் தம்பிக்கு நடுக்கடலில் உடம்புக்கு முடியாமல் போனது. போட்டில் இருந்தவர்கள் அவனை லட்சத்தீவின் அகத்தியில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே போக பெர்மிட் வேண்டும். அது கைக்கு வந்த இரவே உங்கள் செயலியைத் திறந்தேன்.

'தூத்துக்குடி – அகத்தி: தூரம் 680 கிலோமீட்டர், பயண நேரம் 1 மணி 21 நிமிடம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழேயே முன்பதிவுப் பொத்தான். அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். நான் வேறு எதையும் பார்க்காமல் பணத்தைக் கட்டினேன்.

வந்த டிக்கெட்டில் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை, அங்கே ஓர் இரவு, மறுநாள் கொச்சி, அதற்கப்புறம்தான் அகத்தி என்று இருந்தது. மேற்கே போக வேண்டியவனை வடகிழக்கே அனுப்பி, ஒரு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து அகத்திக்கு நேரடி விமானமே இல்லை. பிறகு அந்த 1 மணி 21 நிமிடம் எந்த விமானத்தின் நேரம்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டினால் சரியாக அந்த எண் வருகிறது. அகத்தியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் போகும். கொச்சியிலிருந்து அகத்தி 460 கிலோமீட்டர் சொச்சம். அதற்கே ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதைவிட 200 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலான தூரத்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஊர்ப் போட்டுக்காரர்களிடம் அகத்தி எவ்வளவு தூரம் என்று கேட்டால், கடல் மைல் கணக்கோடு நிறுத்த மாட்டார்கள். எந்தப் போட், காற்று எப்படி, போய்ச் சேர எத்தனை நாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். போகிறவனுக்கு அதுதானே வேண்டும்?

மறுநாள் காலை டிக்கெட்டை ரத்து செய்தேன். 4,300 ரூபாய் பிடித்துக்கொண்டீர்கள். அப்புறம் குழித்துறையில் ரயில் ஏறி ஆலுவாவில் இறங்கி, நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்திலிருந்து போனேன். 'நேரடி விமானம் இல்லை, கொச்சியிலிருந்து போகலாம்' என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றிரவே கிளம்பியிருப்பேன். தம்பி ஒரு நாள் முன்னதாக என் முகத்தைப் பார்த்திருப்பான்.

எனவே அந்த 4,300 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு நடுவே இப்படிக் கற்பனை நேரம் காட்டுவதை நிறுத்தி, காத்திருப்பும் சேர்த்த மொத்தப் பயண நேரத்தைப் போட வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாவட்டத் தலைநகரான நாகர்கோவில் எனக்குத் தூரமில்லை.

டிக்கெட், ரத்து ரசீது, அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்