இளம் கூடைப்பந்து வீரரின் மதிப்பு: சராசரிப் புள்ளி சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் ஓர் இளம் வீரர் பெரிய ஒப்பந்தம் போட்டால், நம் விளையாட்டுப் பக்கங்களில் இரண்டே எண்கள் வருகின்றன: ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை நூறு கோடி ரூபாய். இவற்றை வைத்து வாய் பிளக்கலாம். அந்த ஒப்பந்தம் சரியா தவறா என்று சொல்ல முடியாது. 2024-25 சீசனில் புரூக்ளின் நெட்ஸின் கேம் தாமஸ் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுத்தார். ஹூஸ்டன் ராக்கெட்ஸின் அல்பெரன் ஷெங்குன் எடுத்தது 19.1. இருவரும் 2021 டிராஃப்டில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தவர்கள். தாமஸுக்குக் கிடைத்தது சுமார் 60 லட்சம் டாலரில் ஓராண்டு ஏற்பாடு. ஷெங்குனுக்கோ 2024 அக்டோபரிலேயே ஐந்தாண்டுக்கு 18.5 கோடி டாலர் உறுதியாகிவிட்டது. தாமஸ் காயத்தால் 25 ஆட்டமே ஆடினார் என்பது ஒரு காரணம்தான். மற்றவை புள்ளிப் பட்டியலில் தெரியாது.

முதலில் டாலரை ரூபாயாக்குவதை நிறுத்துவோம். சம்பளத்தை, லீக் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் அணியின் சம்பள உச்சவரம்பில் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். 2025-26க்கான உச்சவரம்பு 15.46 கோடி டாலர். ஆறு சீசன் வரை ஆடியவருக்கு அதில் 25 விழுக்காடுதான் வழக்கமான எல்லை. ஆண்டுக்கு முதலாண்டுச் சம்பளத்தில் 8 விழுக்காடு வரை கூட்டலாம். இந்த உயர்வோடு ஐந்தாண்டையும் கூட்டினால் 22.4 கோடி டாலர் வரும். ஷெங்குனின் முதலாண்டுச் சம்பளம் சுமார் 3.39 கோடி, அதாவது 22 விழுக்காடு. உச்சவரம்பு ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தாலே ஐந்தாம் ஆண்டில் அவர் பங்கு 19 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். தொகை ஏற ஏறச் சுமை குறைகிறது. செய்தியில் 'சம்பளம் உயர்ந்தது' என்றே வரும்.

அடுத்து, புள்ளி எடுக்க அவர் என்ன செலவழிக்கிறார் என்பது. 18 ஷாட்டும் 4 ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகத் தடுப்பவர் இல்லாமல் போடும் ஷாட்) போட்டு 21 புள்ளி எடுப்பவரையும், 14 ஷாட்டும் 6 ஃப்ரீ த்ரோவும் போட்டு அதே 21 எடுப்பவரையும் சராசரி ஒன்றாகவே காட்டும். வேறுபாடு தெரிய, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி ஷாட்டுகளுடன் கூட்டி, இரட்டித்து, அதனால் புள்ளியை வகுக்க வேண்டும். முதலாமவர் 53 விழுக்காடு, இரண்டாமவர் 63. லீக் சராசரி அண்மை ஆண்டுகளில் 57-58 அளவில் நிற்கிறது. (பாதியாக 0.5 போடாமல் 0.44 போடுவதற்குக் காரணம், கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும் டெக்னிக்கல் ஃபவுலுக்கானதும் தனி வாய்ப்பு எதையும் தின்பதில்லை.) முதலாமவர் பயன்படுத்திய அதே வாய்ப்புகளை லீக்கின் சராசரி வீரர்களுக்குப் பகிர்ந்திருந்தால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2 புள்ளி அதிகம் வந்திருக்கும். ஆனால் ஷாட் கடிகாரம் (ஷாட் போட அணிக்கு உள்ள நேரம்) முடியும் நேரத்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே. அந்தப் பாரத்தைச் சுமப்பவருக்கு இரண்டு மூன்று விழுக்காடு சலுகை தருவது நியாயம். ஐந்து என்றால் யோசிக்க வேண்டும்.

வளர்ச்சியை அளப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இங்கே ஹூஸ்டனின் இன்னொரு வீரரைப் பார்ப்போம். 2021 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட ஜேலன் கிரீனின் ஷாட் விழுக்காடு முதல் நான்கு சீசன்களில் 42.6, 41.6, 42.3, 42.3. மூன்று புள்ளி ஷாட் 33க்கும் 35க்கும் இடையே, ஃப்ரீ த்ரோ 80ஐ ஒட்டியே. புள்ளிச் சராசரி மட்டும் 17.3, 22.1, 19.6, 21 என்று ஆடியது. நடுவில் 2024 மார்ச் மாதத்தில் 27.7 புள்ளி எடுத்து, அணி தொடர்ந்து 11 ஆட்டம் வென்றபோது 'பையன் தேறிவிட்டான்' என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரு மாதத்தை நம்பக் கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி: உண்மையில் 35 விழுக்காடு திறனுள்ளவர் 100 மூன்று புள்ளி ஷாட் போட்டால், வெறும் தற்செயலாலேயே 30 முதல் 40 வரை எங்கும் வந்து நிற்கலாம். நான்கில் ஒரு முறை அதையும் தாண்டும். அதனால்தான் தொலைவு ஷாட்டின் எதிர்காலத்தைக் கணிக்கப் பலர் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கிறார்கள்: தடுப்பவர் இல்லை, தூரம் மாறாது, கை எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஷெங்குனின் கோடு வேறு. முதல் மூன்று சீசன்களில் 9.6, 14.8, 21.1 புள்ளி. ஆடிய நேரம் கூடியதால் வந்த உயர்வோ என்ற சந்தேகம் சரியானதே. எனவே 36 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள்: 16.7, 18.5, 23.4. நிமிடம் கூடும்போது எதிரணி திட்டம் போட்டு இருவரை ஏவும். பெரும்பாலோர் விகிதம் அங்கே சரியும், இவருடையது ஏறியது. அசிஸ்ட் (சக வீரரின் கூடைக்கு வழிசெய்யும் பாஸ்) 2.6இலிருந்து 5 ஆனது. சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) நிலையில் ஆடுபவர் இப்படிப் பந்து பிரிப்பது அரிது, அதற்குத் தனி விலை உண்டு. குறையும் இல்லாமலில்லை: ஃப்ரீ த்ரோ 70ஐ ஒட்டியே நிற்கிறது, மூன்று புள்ளி ஷாட் 2024-25இல் 23 விழுக்காடு. தடுப்பாட்டத்தில் கால் மெதுவானவர் என்று முதல் இரண்டு ஆண்டுகள் எதிரணிகள் அவரைத் தேடித் தேடி ஆடின. பின்னர் அவர் ஆரம்ப ஐவரில் இருந்தபடியே ராக்கெட்ஸ் தடுப்பில் லீக்கின் முன்வரிசைக்கு வந்தது. 52 ஆட்டம் வென்றது. இந்த எண்ணை மட்டும் தனியே ஒருவர் கணக்கில் எழுத முடியாது, சுற்றி நல்ல தடுப்பாளர்கள் இருந்தார்கள். வீடியோ பார்க்காமல் தடுப்பாட்டத்துக்கு விலை வைப்பவர் எவராயினும் ஊகிக்கிறார்.

இனி ஒப்பந்தத்தின் அமைப்பு. முதல் சுற்றில் தேர்வானவருக்கு நான்காண்டுப் புதுமுக ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டு உறுதி, மூன்றும் நான்கும் அணியின் விருப்பம் (தொடர்வதா என்று அணியே முடிவு செய்யும்). மூன்றாம் சீசன் முடிந்ததும் நீட்டிப்புப் பேசலாம், அடுத்த சீசன் தொடங்கும் முன் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் நான்காம் ஆண்டுக்குப்பின் அணி தகுதித் தொகை எனும் ஓராண்டுச் சம்பளத்தைக் கொடுக்க முன்வந்து, வேறு யார் ஒப்பந்தம் நீட்டினாலும் அதே விலையில் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையைப் பெறும். 2025 கோடையில் உச்சவரம்புக்குள் பெரிய காலியிடம் வைத்திருந்த அணி புரூக்ளின் மட்டுமே. போட்டி ஏலம் இல்லாததால், இந்த உரிமைக்கு உட்பட்டிருந்த ஜாஷ் கிட்டி சிகாகோவில் நான்காண்டுக்கு 10 கோடி, ஜொனாதன் குமிங்கா கோல்டன் ஸ்டேட்டில் இரண்டாண்டுக்கு அதிகபட்சம் 4.85 கோடி என்று செப்டம்பர் வரை இழுத்து முடித்தார்கள். குமிங்காவின் இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பத்தில். இவர்கள் திறமை ஒரே கோடையில் குறைந்துவிடவில்லை. சந்தையில் வாங்குபவர் இல்லை.

கிரீனுக்கு ஹூஸ்டன் தந்தது மூன்றாண்டு, சுமார் 10.5 கோடி, கடைசி ஆண்டு வீரரின் விருப்பம். முதலாண்டில் சுமார் 3.33 கோடி, ஷெங்குனுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஐந்துக்குப் பதில் மூன்று என்பதில்தான் அணியின் ஐயம் இருக்கிறது. 2025 பிளே ஆஃபில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 38 புள்ளி அடித்தவர், ஏழு ஆட்டத்திலும் சேர்த்து 13.3தான் சராசரி எடுத்தார். அந்தக் கோடையிலேயே கெவின் டுரான்ட்டைக் கொண்டுவர ஃபீனிக்ஸுக்கு அனுப்பப்பட்டார். சம்பளம் ஈடுகட்ட வேண்டிய பரிமாற்றத்தில் 3.3 கோடி என்ற அளவும் குறுகிய காலமும் கைகொடுத்தன. நல்ல ஒப்பந்தமா என்று கேட்டால், வீரர் எதிர்பார்த்தபடி வளராதபோதும் அணிக்கு உதவிய ஒப்பந்தம் என்பேன்.

கூடுதலாகக் கொடுப்பது இப்போது முதலாளியின் பணப்பிரச்சினை மட்டுமல்ல. 2025-26இல் மொத்தச் சம்பளம் உச்சவரம்புக்கு மேலே லீக் வைத்துள்ள சுமார் 20.78 கோடி டாலர் என்ற இரண்டாம் வரம்பைத் தாண்டினால், பரிமாற்றத்தில் இருவர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, ரொக்கம் அனுப்ப முடியாது, ஏழாண்டு தள்ளியுள்ள டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை முடக்கப்படும். 15 விழுக்காடு தகுதியுள்ளவருக்கு 22 கொடுத்த அணி இந்த மூலையில் மாட்டுகிறது.

வீரரின் விருப்ப ஆண்டு பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். அவர் உயர்ந்தால் கிளம்பிப்போவார், சரிந்தால் தங்கிவிடுவார். அணிக்கு இரண்டுமே பாதகம். ஐந்தாண்டு என்று அச்சிடப்படுவது பல நேரம் நான்குதான்.

கடைசியாக, 'வரை' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கேட் கன்னிங்ஹாமும் இவான் மோப்லியும் கையெழுத்திட்டது 22.4 கோடிக்கு, விருதுத் தகுதி நிறைவேறினால் உச்சவரம்பில் 30 விழுக்காடு என்ற விதியால் 26.9 கோடி வரை. 2025இல் ஒருவர் சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல் என்.பி.ஏ. அணியில் இடம்பெற்றார், மற்றவர் ஆண்டின் சிறந்த தடுப்பாளர் ஆனார்; இருவருக்கும் தொகை உயர்ந்தது. இதே ஏற்பாட்டில் கையெழுத்திட்ட ஃப்ரான்ஸ் வாக்னருக்கு உயரவில்லை. 2023 டிராஃப்டின் முதல் தேர்வான விக்டர் வெம்பன்யாமா நீட்டிப்புக்குத் தகுதி பெறுவது 2026 ஜூலையில். அந்தச் செய்தியில் விழுக்காடு, உறுதியான தொகை, விருதால் கூடும் தொகை, விருப்ப ஆண்டு யாருடையது ஆகிய நான்கையும் ஒரு சிறு பெட்டியில் போட்டால் போதும். ரூபாய்க் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர்,
கோயம்புத்தூர்