வில்லங்கச் சான்றில் எங்கள் வழக்குக்கு ஒரு வரி கொடுங்கள்

பத்திரப்பதிவுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போதே அண்ணன் எங்கள் பூர்வீக நிலம் முழுவதையும் வெளியாளுக்குக் கிரயம் செய்துவிட்டார். பதிவுக்கு முன்பே பிராது நகலோடு ஆட்சேப மனு கொடுத்திருந்தோம். "தடையாணை இருக்கா? இல்லேன்னா நிறுத்த முடியாதும்மா" என்றார்கள் பதிவு அலுவலகத்தில். பத்திரப்பதிவை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-பி பிரிவில், வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே பதிவை மறுக்கக் காரணமாகாது என்பது எனக்கும் தெரியும். நிறுத்த வேண்டாம், வழக்கு இருக்கிறது என்று வில்லங்கச் சான்றில் ஒரு வரி ஏற்றியிருக்கலாமே?

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, வழக்கின் நடுவே வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். வக்கீல் இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுக்கிறார். வாங்கியவரோ கல் நட்டு மனை பிரித்துவிட்டார். ஒரு மனை விற்றால் வழக்கில் ஒரு பிரதிவாதி கூடுகிறார். அவருக்குச் சம்மன் போக வேண்டும், அவர் வக்காலத்து போட வேண்டும், வாய்தா தள்ளிப்போகிறது. இதுவரை நான்கு பேர்.

மேற்கு மூலையில் அப்பாவின் சமாதி. அமாவாசைதோறும் அம்மா விளக்கேற்றும் இடம். இப்போது கம்பிவேலிக்கு வெளியே வண்டிப்பாதையோரம் அகலை வைக்கிறார். காற்றுக்குச் சுடர் நிற்பதில்லை. சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு, எண்ணெய் தீரும்வரை குந்தியிருக்கிறார். எழுபதைத் தாண்டிய முழங்கால்கள் அவருக்கு.

மனை வாங்கியவர்களில் ஒருவர் வீடு தேடி வந்தார். "வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்க்கா, சுத்தமா இருந்துச்சு." மனைவியின் நகையை விற்று வாங்கியவர். அவரிடம் என்னவென்று கோபப்படுவேன்? அந்தச் சுத்தமான தாளைக் கொடுத்தது நீங்கள்.

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அதே 52ஆம் பிரிவுக்கு 1939ஆம் ஆண்டு வந்த பம்பாய்த் திருத்தத்தின்படி வழக்கு அறிவிப்பையே பதிவு செய்கிறார்கள். வாங்க வருபவர் அதைப் பார்த்துவிடலாம். மகளுக்கும் சமபங்கு என்று 1989லேயே சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. அந்தப் பங்கைக் கேட்டதற்கு, பிறந்த வீட்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று ஊர்ப் பேச்சு கேட்கிறேன். பொறுத்துக்கொள்கிறேன். அலுவலகத்திலும் "அண்ணன் தங்கச்சி பேசித் தீத்துக்கக் கூடாதா" என்றார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேசித் தீராமல்தானே ஐயா நீதிமன்றம் போனோம்?

நிலத்தை நீதிமன்றத்தில் மீட்டுக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது ஒரு வரி. அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போடுபவர் கண்ணில் எங்கள் வழக்கு எண் பட வேண்டும். இன்னும் பதினோரு மனை விற்காமல் கிடக்கிறது. அடுத்த பத்திரம் பதிவாவதற்குள், தயவுசெய்து.

இப்படிக்கு,
வழக்கின் வாதி, அந்த வீட்டு மகள்