எபிடாரஸில் ஒரு கூத்து ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லாயிருக்கிறேன். உங்கள் முட்டி வலி இப்போது பரவாயில்லையா? போனில் பேசினால் நடுவில் அம்மா வாங்கிக்கொள்வாள், தம்பி பிடுங்கிக்கொள்வான், அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

லீட்ஸில் வேலை பழகிவிட்டது. வார்டில் இருக்கும் வயசானவர்கள் என் பேரை அவர்களுக்கு வந்த மாதிரி சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். போன மாசம் ஒரு வாரம் லீவு கிடைத்தது, கூட வேலை செய்யும் கோட்டயத்துப் பெண்ணும் நானும் கிரீஸ் போய் வந்தோம். ஏதென்ஸில் நம்ம வேலூர் அக்னி நட்சத்திர வெயில். அக்ரோபோலிஸ் மலை ஏறி, கி.மு. 447இல் கட்ட ஆரம்பித்த பார்த்தினான் கோயிலைப் பார்த்தோம். தூண்கள் எல்லாம் பிரம்மாண்டம்தான், ஆனால் செதுக்கல் வேலை என்று வந்தால் நம்ம கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கல்யாண மண்டபம் ஒரு படி மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் சொல்ல வந்தது எபிடாரஸைப் பற்றி. ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அஸ்க்ளீபியஸ் என்கிற வைத்திய சாமியின் கோயில் அங்கே இருந்தது, சீக்காளிகள் எங்கெங்கிருந்தோ வந்து அங்கேயே ராத்திரி படுத்துத் தூங்குவார்களாம், சாமி கனவில் வந்து குணமாக்கும் என்று நம்பிக்கை. அதைக் கேட்டதும் எனக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளும், வடக்கேயிருந்து பையும் பாத்திரமுமாக வந்து மாசக்கணக்கில் தங்கும் ஜனங்களும்தான் ஞாபகம் வந்தது. அந்த வைத்தியக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, கி.மு. 4ஆம் நூற்றாண்டில், மலைச்சரிவில் 12,000 பேருக்கு மேல் உட்காரும் ஒரு நாடகக் கொட்டகையைக் கட்டியிருக்கிறார்கள், அப்பா. கூரை கிடையாது, முழுக்க சுண்ணாம்புக்கல் படிக்கட்டு, மொத்தம் 55 வரிசை. சாயங்காலம் நான் உச்சிப் படியில் உட்கார்ந்துகொண்டேன், என் சிநேகிதி கீழே வட்டத்தின் நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மைக் இல்லை, ஒன்றும் இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு நாடகம். 'ஆண்டிகனி', சோஃபோக்ளிஸ் எழுதி 2,400 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். அதில் ஒருவன் ஊருக்கு எதிராகப் படை கொண்டு வந்தவன், அவனை யாரும் அடக்கம் பண்ணக் கூடாது என்று ராஜா உத்தரவு போட்டுவிடுகிறான், கூடப்பிறந்தவள் மட்டும் உயிர் போனாலும் போகட்டும் என்று போய் மண் போடுகிறாள். பேசியது கிரேக்க மொழி. ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது, கொஞ்ச நேரத்துக்கு மேல் நான் அதைப் பார்க்கவேயில்லை. எனக்குத் தேவைப்படவில்லை. துரோபதை அம்மன் கோயில் திடலில், கோணிப்பை விரித்து, உங்கள் மடியில் தலை வைத்துக்கொண்டு விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவளுக்கு இது புரியாமல் போகுமா? நம் கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியெடுத்துப் பாடுகிற மாதிரியே அங்கேயும் பதினைந்து பேர் கூட்டமாக நின்று பாடினார்கள். அந்தக் காலத்தில் பெண் வேஷத்தையும் ஆம்பிளைகளே முகமூடி போட்டு ஆடினார்களாம். செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டே நம்ம ஊரில் திரௌபதி வேஷம் கட்டுவாரே அந்த மாமா, அவரை நினைத்துக்கொண்டேன், அவர் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு சபதம் போடும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஆண்டிகனி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். உடனே போட்டுவிடவில்லை, கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், விரல் இடுக்கு வழியாக மண் மெல்லிசாக இறங்கியது. அதற்கப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. போன வருஷம் ஆயா செத்தபோது டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது, ஒரு வாய்க்கரிசி கூட நான் போடவில்லை. நீங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் கல் படியில் உட்கார்ந்துதான் ஆயாவுக்காக வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த கிரேக்கக் கிழவி ஒருத்தி, ஒன்றும் கேட்காமல், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாடகம் முடிகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

அப்பா, இரண்டு வருஷமாக நீங்கள் கூத்துக்கே போகவில்லை என்று தம்பி சொன்னான். தரையில் உட்கார முடியவில்லை என்றால் நாற்காலி எடுத்துக்கொண்டு போங்கள், தம்பி தூக்கி வருவான். சாயங்காலமே மாத்திரை போட்டுவிடுங்கள், பனிக்குச் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள். இந்த வருஷம் பாரதம் வைக்க நாள் குறித்ததும் எனக்குச் சொல்லுங்கள், லீவு கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் துரியோதனன் படுகளத்தன்று விடியற்காலை நான் போன் பண்ணுவேன், பேசக்கூட வேண்டாம், போனைத் திடல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருங்கள், முகவீணைச் சத்தம் கேட்டால் போதும்.

அம்மாவுக்கு ஆலிவ் எண்ணெய் சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்