எல்லாரையும் 'மூன்றாம் பாலினத்தவர்' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'மூன்றாம் பாலினத்தவர் இனி வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம்' என்று சென்ற மாதம் தங்கள் பெங்களூரு பதிப்பில் வந்த செய்தி தவறானது. மத்திய நிதிச் சேவைகள் துறை ஆகஸ்ட் 28 அன்று வெளியிட்ட விளக்கம் பால்புதுமையினருக்கானது. தன்பால் ஈர்ப்பாளர்கள், இருபால் ஈர்ப்பாளர்கள், திருநர் (திருநங்கைகளும், திருநம்பிகள் எனப்படும் திருநர் ஆண்களும்) எல்லாரும் அதில் அடக்கம். இணையருடன் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் தடை ஏதும் இல்லை என்பதே அதன் சாரம். வங்கிப் படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்குத் தனிக் கட்டம் வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2015லேயே அறிவுறுத்திவிட்டது. அது திருநருக்கு மட்டுமானது, இது பால்புதுமையினர் எல்லாருக்குமானது. இரண்டும் வேறு வேறு என்பது தாங்கள் அறியாததல்ல.

இதனால் அலைவது யார்? அல்சூரில் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்கள் அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போனால், கவுன்ட்டரில் திருநர் அடையாளச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி திருநருக்கு மட்டும் தருவது. இவர்களுக்கு அது கிடைக்காது, தேவையும் இல்லை. ஆதார், பான், போட்டோ போதும்.

தாங்கள் அச்சிட்டிருக்க வேண்டியது வேறு. கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் தொடங்க வேண்டும். அதில் ஒருவர் இறந்தாலும் மற்றவர் பணத்தை எடுக்கலாம். இருவரும் சேர்ந்தே கையெழுத்திடும் முறையில் தொடங்கிவிட்டு ஒருவர் இறந்துபோனால், வங்கி அவருடைய வாரிசுகளைக் கூப்பிடும். அதுவரை எட்டிப் பார்க்காத பிறந்த வீட்டார் அன்று வந்து நிற்பார்கள். தனிக் கணக்கு என்றால் நாமினிப் படிவத்தில் இணையர் பெயரை எழுதலாம். உறவுமுறைக் கட்டத்தில் உறவு 'இருந்தால்' எழுதவும் என்றுதான் போட்டிருக்கிறது. 'நண்பர்' என்று எழுதலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமே தவிர அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். அதற்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் வேண்டும்.

இது முதல் முறையும் அல்ல. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்தபோது, 'மூன்றாம் பாலினத்தவர் திருமணத்துக்கு அனுமதி இல்லை' என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஆணும் திருநங்கையும், பெண்ணும் திருநம்பியும் இப்போதுள்ள சட்டப்படியே மணம் செய்துகொள்ளலாம் என்று அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? கர்நாடக அரசு 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தபோதும், சில்க் போர்டு சிக்னலில் கைதட்டி நிற்கும் ஒரு திருநங்கையின் படத்தைத்தான் போட்டீர்கள். திருநம்பிகளுக்கும் அதில் இடம் உண்டு என்று ஒரு வரிகூட இல்லை. பல வருடங்களாகப் பணம் கொடுத்துத் தங்கள் இதழை வாங்குகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம். எங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் இந்த அலட்சியம் என்பதுதான் வலிக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் பால்புதுமையினரை எந்தச் சொற்களால் குறிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலை உதவி ஆசிரியர்களின் மேசையில் ஒரு படி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கூட்டுக் கணக்குச் செய்திக்கு அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வேண்டும். 'எஞ்சியவர்' விவரத்தையும் நாமினிப் படிவத்தையும் அதில் விடாமல் சேருங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு
5 அக்டோபர் 2024