முகாமுக்கு ஆள் வராததற்கு ஊழியர்கள்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி நடத்தும் உடல்நல முகாமுக்கும் யோகா வகுப்புக்கும் ஆள் சேருவதில்லை, இலவசமாகக் கொடுத்தாலும் இவர்களுக்கு அக்கறை கிடையாது என்று மேலே இருப்பவர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அக்கறை எப்படி இல்லாமல் போகும்? இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். டயாலிசிஸுக்குப் போய்வரும் சொந்தக்காரர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பயம் எல்லோருக்கும் இருக்கிறது, முகாமை நடத்தும் விதம்தான் ஆளை விரட்டுகிறது.

எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ரத்தம் எடுக்கும் மேசையை எச்.ஆர். அறை வாசலிலேயே போட்டார்கள். ஒருத்தி விரலை நீட்டினாள், மீட்டரைப் பார்த்த நர்ஸ் "பதினொன்று புள்ளி நாலு" என்று உரக்கப் படிக்க, இன்னொருவர் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார். சாப்பிடாமல் பார்த்தால் சர்க்கரை 7 மில்லிமோலுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் (இந்தியக் கணக்கில் 126 மில்லிகிராம்). வரிசையில் நின்ற பாதிப்பேர் அப்போதே நழுவிவிட்டார்கள். அந்தத் தாள் எங்கே போகும், நாளைக்கு ஆள் குறைக்கும்போது யார் கண்ணில் படும் என்ற பயம் வராதா? உடல்நிலை பற்றிய விவரத்தைத் தனிக் கவனத்தோடு காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. முடிவை ஊழியர் கையில் மட்டும் கொடுப்போம் என்று முதலிலேயே எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் நேரம். யோகா சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகாம். தீவின் கிழக்கே இருக்கும் ஃபிளாக்கிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வரும் பெண் அதற்காகக் காத்திருந்துவிட்டு எப்போது வீடு போய்ச் சமைப்பாள்? சரி, வேலை நேரத்தில் எழுந்து போகலாம் என்றால் டார்கெட் விழும், போனஸ் போகும். அந்த அரை மணி நேரத்தைச் சம்பள நேரமாகக் கணக்கு வையுங்கள், வருகிறார்களா இல்லையா பாருங்கள்.

பரிசுக் கூப்பன், டி-ஷர்ட் எல்லாம் அவ்வளவாக வேலைக்கு ஆவதில்லை. காவடி விரதத்துக்கு யாராவது கூப்பன் கொடுக்கிறார்களா? பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், அக்கா இருக்கிறாள், நாமும் இருப்போம் என்றுதானே பத்து நாள் மச்சம் மாமிசம் இல்லாமல் இருக்கிறோம். எங்கள் லைன் சூப்பர்வைசர் அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மதிலை ஒட்டி நடக்க ஆரம்பித்தார், யாரையும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கூட்டமே அவர் பின்னால் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடக்கிறது. மேலாளர்களோ ஒருநாள்கூட வந்ததில்லை, போட்டோ எடுக்கும் நாளைத் தவிர!

கேன்டீனைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. சர்க்கரையைக் குறையுங்கள் என்று போஸ்டர், அதன் கீழேயே பாட்டில் பானமும் எண்ணெய் சொட்டும் காத்தோ பிமா என்ற மிளகாய் வடையும். 1987-க்குப் பிறகு அரசாங்கம் ரேஷன் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்து சோயா எண்ணெயைச் சேர்த்தது. 1992-க்குள் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் மில்லிமோல் கணக்கில் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியது. அதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை, விழிப்புணர்வுப் பிரசாரமும் நடந்தது என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய் மாறியதற்கு யாரும் பெயர் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. நம் கம்பெனிகளும் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. முகாம் அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது, பேச்சு பிரெஞ்சில் நடக்கிறது, நாங்கள் நாள் முழுக்கப் பேசுவது கிரியோல். விடுதியில் தங்கியிருக்கும் வங்கதேசத்துப் பிள்ளைகளுக்கு இதில் எதுவுமே சரியாகப் புரிவதில்லை. அவர்களுக்கும் சேர்த்து வங்காளத்தில் ஒரு தாள் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்