சபின்ட்சா மரச்சிலுவைகளைப் பழுதுபார்க்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ருமேனியாவின் வட எல்லையில், மரமுரேஷ் மாவட்டத்தில், திசா ஆற்றங்கரை ஓரமாக இருக்கிறது சபின்ட்சா. ஆற்றுக்கு அக்கரை உக்ரைன். இந்தச் சிற்றூர் மக்களின் வரலாற்றைப் படிக்க வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 800-க்கும் மேற்பட்ட ஓக் மரச்சிலுவைகள் நிற்கின்றன. நீலப் பின்னணியில், நூல் நூற்கும் பெண், ஆடு மேய்ப்பவர், கசாப்புக்காரர் என்று அவரவர் தொழிலோடு ஒரு செதுக்கோவியம். அதற்குக் கீழே, செத்தவரே பேசுவதுபோல் சில வரிப் பாட்டு.

ஸ்டான் யோன் பத்ராஷ் (1908–1977) என்ற மரச்சிற்பி 1935-இல் இந்த வழக்கத்தைத் தொடங்கினார். ஒருவர் வாழ்ந்ததை ஊர் எப்படிப் பேசியதோ அப்படியே பாட்டாக்கினார். குடித்துக் கெட்டவரைக் குடித்துக் கெட்டவர் என்றே எழுதினார். அவருக்குப் பின் சீடர் துமித்ரு போப், குருவின் வீட்டிலேயே இருந்து அந்தப் பணியைத் தொடர்ந்தார். எல்லாமே சிரிப்புப் பாட்டு அல்ல. வீட்டு வாசலில் கார் மோதி இறந்த ஒரு சிறுமியின் சிலுவையில், சிபியு நகரத்திலிருந்து வந்த டாக்சியை அந்தக் குழந்தையே சபிக்கிறாள்: இவ்வளவு பெரிய நாட்டில் உனக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று.

சிலுவை இல்லாத ஊர்க்காரர்களும் உண்டு. யூதர்கள் இவ்வூரை ஸ்பின்கா என்று அழைத்தார்கள். இங்கே தோன்றிய ஹசிடிய (யூத பக்தி இயக்க) குருமரபு இன்றும் அந்தப் பெயரால்தான் அறியப்படுகிறது. 1944-இல் மரமுரேஷ் யூதர்களை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் தொகுக்கும் பதிவேட்டில் அவர்களுக்கும் பக்கங்கள் இருக்கும்.

இப்போது பழுதைப் பற்றி. ஓக் உறுதியான மரம்தான். ஆனால் மண்ணும் காற்றும் சேரும் இடத்தில், தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும், ஈரம் தங்கிக் கால் உளுத்துப்போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் சாய்ந்துவிடும். அடியில் சிமென்ட் போட்டால் தண்ணீர் வடிய வழியின்றி இன்னும் சீக்கிரம் கெடும். இரும்பு ஆணியும் ஆகாது. ஓக்கின் துவர்ப்பு இரும்பைத் தின்று, மரத்தில் கருநீலக் கறை படியும். இன்னொரு கேடு கண்ணுக்கு நல்லதாகவே தெரியும்: பழைய வண்ணத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசுவது. பூச்சு தடித்து, ஆழமில்லாத எழுத்துகள் மூடிப்போகின்றன. பாட்டுகள் பேச்சுவழக்கில், பேசும் ஒலிப்படியே எழுதப்பட்டவை. பூசுபவர் "பிழை திருத்தினால்" அந்த ஊர்ப் பேச்சே போய்விடும்.

ஆகவே முதல் வேலை பதிவு. ஒவ்வொரு சிலுவைக்கும் முன்புறம், பின்புறம், கால், உச்சியிலுள்ள சிறு கூரை என நான்கு படங்கள்; செதுக்கு தெரிய, பக்கவாட்டு ஒளியில் ஐந்தாவது ஒன்று. எழுத்துகளை ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுத்து, எழுத்துக்கு எழுத்து படியெடுத்து, தமிழில் மொழிபெயர்ப்போம். அதற்குப் பிறகுதான் மரத்தில் கை வைப்போம். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, வைரம் பாய்ந்த புது ஓக்கைச் சாய்வு ஒட்டாக இணைத்து, மர ஆணி அடித்து, சரளைக் கல் படுக்கையில் நிறுத்துவோம். முதல் கட்டத்தில் 30 சிலுவைகள்.

பணம் இப்போதே தேவைப்படுவதற்குக் காரணம் பலகைதான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு. இரண்டங்குலப் பலகையை இன்று வாங்கி அடுக்கினால் இரண்டு ஆண்டு கழித்துத்தான் உளி வைக்கலாம். ஈரப் பலகையில் வேலை செய்தால் ஒட்டு பிளந்துகொள்ளும்; போட்ட காசும் வீண்.

ஒரு பலகை, ஒரு சிலுவைக்கான படப்பதிவு, செதுக்குபவரின் ஒருநாள் கூலி என்று எதற்காவது குறித்து அனுப்பலாம். குறிக்காமல் வரும் தொகை பலகைக்கே போகும். தொகை சிறியதானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு ஆண்டுக்கு இருமுறை எல்லாருக்கும் வரும். ருமேனிய மொழி தெரிந்தவர்கள் படியெடுக்க உதவினால் அதுவும் பெரிய கொடை.

இறந்தவரின் குடும்பமும் பங்குத் திருச்சபையும் சம்மதிக்காமல் எந்தச் சிலுவையையும் தொடமாட்டோம். குடும்பம் வேண்டாம் என்றால், அதற்கென்று வந்த தொகையைக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு அடுத்த சிலுவைக்கு மாற்றுவோம்.

இப்படிக்கு,
சிலுவைப் பதிவு, பழுதுபார்ப்புக் குழுவினர்