பெட்டிக் கட்டடத்துக்கு எத்தனை மாடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இப்போது எழும்பும் கட்டடங்களைப் பார்த்து ‘எல்லாம் பெட்டி’ என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. நான் அந்தக் கட்சியில் இல்லை. எனக்கு அவற்றை நின்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

டச்பே கடற்கரைக்குக் கிட்ட அப்படி ஒன்று நிற்கிறது. சாம்பல் நிறம், தட்டைக் கூரை, தாவாரம் கிடையாது, முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி. அதற்கு எத்தனை மாடி என்பதில் எனக்கும் எதிரே இருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் மூன்று என்கிறார், நான் நாலு என்கிறேன். பழைய ஓட்டு வீடென்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. கதவு ஆளுயரம், யன்னல் இடுப்புக்கு மேலே, விறாந்தைத் தூண் இவ்வளவு என்று கண் தானாகவே அளந்துவிடும். இதிலே அளவுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் யாராவது சாரம் காயப்போட்டால்தான் உயரம் ஓரளவு பிடிபடுகிறது.

பழைய வீட்டுக்கு முகமும் உண்டு. இரண்டு யன்னல், நடுவே கதவு, போதாதா? மனித மூளை எங்கேயும் முகம் தேடும். 1976ல் வைக்கிங் விண்கலம் அனுப்பிய படத்தில், செவ்வாயில் கிடந்த ஒரு மேட்டைக்கூட முகம் என்று உலகமே பார்த்தது. நானும் விடவில்லை. இந்தக் கட்டடத்தின் பக்கச் சுவரில் இரண்டு ஏசி விசிறிகள், கீழே வாகனம் விடும் இடத்துச் சட்டர். சட்டரைப் பாதி இறக்கிவிட்டால் ஆள் மதியத் தூக்கம் போடுகிறார்.

கண்ணாடி முகப்பை எங்களைவிடக் கவனமாகப் பார்ப்பவை கோட்டைப் பக்கத்து மான்கள். கொம்புள்ள ஒன்று தன் நிழலுருவத்துக்கு நேரே தலையைத் தாழ்த்தி, சரி இவனோடு என்ன சண்டை என்பதுபோல் திரும்பி, மதிலோரப் புல்லுக்குப் போய்விட்டது.

பெட்டிகளுக்குள் வளர்ந்தால் கண்ணே மாறிவிடும் என்றும் ஒரு கருத்து உண்டு. சம நீளமான இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் உள்ளே மடங்கிய சிறகு, மற்றதில் வெளியே விரிந்த சிறகு. விரிந்தது நீளமாகத் தெரியும். 1966ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பல நாடுகளில் காட்டிப் பார்த்ததை வெளியிட்டார்கள். அமெரிக்க நகரத்தார் நன்றாக ஏமாந்தார்கள். ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தார் ஏறக்குறைய ஏமாறவேயில்லை. சுவர் மூலைகளைப் பார்த்துப் பழகிய கண்தான் ஏமாறுகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, எங்கள் பிள்ளைகள் ஏமாறத் தயாராகிவிட்டார்கள்.

ஆனாலும் ஒரு முறைப்பாடு. இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் தொடக்கத்தில் தட்டைக் கூரை, வெள்ளைச் சுவர் என்றுதான் வரைந்தார். பிறகு பெரிய ஓட்டுக் கூரைக்கும் நடுமுற்றத்துக்கும் வந்து சேர்ந்தார். எங்கள் ஊரில் வைகாசியில் சுடுகிற கச்சான் காற்று அடித்தால் கண்ணாடியில் கை வைக்க முடியாது. மாரி வந்தால் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. இரண்டடி தாவாரம் விட்டால் சுவருக்கும் நல்லது, வீதியால் போகிறவர் ஒதுங்கவும் ஆகும். போன மாரியில் அந்தக் கண்ணாடியோடு ஒட்டிநின்றும் நானும் சைக்கிளும் தெப்பமாக நனைந்தோம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை.